கை எண்ணுகிறவர்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு பெயரை எழுதியதால் வந்த வினையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். இன்னொன்றையும் எழுதிவிட்டு அவஸ்தைப்பட எனக்குத் தெம்பில்லை. எங்கள் கட்சியின் பெயரும் வேண்டாம். சொன்னாலும் மலாக்காவில் இன்று யாருக்கும் நினைவிருக்காது. சுதந்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பிறந்து, சுதந்திரத்துக்கு ஏற்றிய கொடியின் சாயம் வெளுப்பதற்குள் போய்ச் சேர்ந்த சின்ன இடதுசாரிக் கட்சி அது. காஜா பேராங் கிளையில் நல்ல நாளில் இருபது பேர் இருந்தோம். இருபதில் ஒரே பெண் நான். அவர் செயலாளர். எல்லாரும் அவரை ‘செக்கரட்டரி’ என்றே கூப்பிட்டதால், பெயர் சொல்லாமல் இருப்பது எனக்கு ஒன்றும் சிரமமில்லை.

அவருடைய வேலை மழை அளப்பது. சிரிக்க வேண்டாம், அப்படி ஒரு வேலை உண்டு. வடிகால் இலாகா அலுவலகத்தின் பின்னால் புல்தரையில் ஒரு செம்புக் குழாயை நட்டுவைத்திருந்தார்கள். அதற்குள் ஒரு போத்தல். தினமும் காலை எட்டு மணிக்கு சைக்கிளில் வந்து, போத்தலில் சேர்ந்திருக்கும் மழைத்தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, குனிந்து கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்து, நோட்டில் எழுதுவார். நான் அப்போது தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. பள்ளி விடுமுறை நாட்களில் அந்த வழியாகத்தான் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போவேன். சொட்டு மழை இல்லாத மாதத்திலும் அவர் அங்கே இருப்பார். காய்ந்த போத்தலைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, நோட்டில் ‘தியாடா’ என்று எழுதுவார். மலாயில் ‘இல்லை’ என்று பொருள்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. “வானத்தைப் பார்த்தாலே தெரியுதே, இதுக்கு எதுக்கு இவ்ளோ தூரம் சைக்கிள் மிதிக்கணும்?” என்று கேட்டேன்.

“பார்க்காம ‘இல்ல’ன்னு எழுதக்கூடாது டீச்சர். பார்த்துட்டு எழுதினாத்தான் அது ‘இல்ல’.”

அவர் இதை இவ்வளவு சரளமான தமிழில் சொல்லவில்லை. ஊருக்குள்ளேயே இருக்கிற கம்போங் செட்டி என்ற குடியிருப்பைச் சேர்ந்தவர். அவருடைய முன்னோர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன் வியாபாரத்துக்கு வந்து இங்கேயே தங்கியவர்கள். கோயில் உண்டு, திருநீறு உண்டு, பெயரெல்லாம் நம் பெயர். ஆனால் வீட்டுப் பேச்சு மலாய். அவர் பேசியது பாதி மலாய், மீதி எங்களிடம் பொறுக்கிக்கொண்ட தமிழ். கட்சிக்குள் தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கும் அவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பது என் வேலையாக இருந்தது. இங்கேயும் அதையே செய்கிறேன்.

கிளைத் தலைவர் என் அண்ணன். காஜா பேராங் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையின் பின்பக்கம், மண்ணெண்ணெய்ப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, உலகத்தைத் திருத்துவோம். எட்டு மணி நேர வேலை, இங்கே பிறந்த எல்லாருக்கும் குடியுரிமை, உழுகிறவனுக்கு நிலம். அண்ணன் பேச ஆரம்பித்தால் டயருக்குக் காற்றடிக்கிற மாதிரி ஒரே மூச்சில் பேசுவார். அவர் முடித்ததும் செக்கரட்டரி எழுந்து நிற்பார். கை எண்ணுவது அவர் பொறுப்பு.

வேண்டும் என்கிறவர்களை முதலில் எண்ணுவார். “சாத்து, துவா, தீகா” என்று மலாயில் ஒன்று, இரண்டு, மூன்றாக, ஒவ்வொரு கையையும் விரல் நீட்டாமல், முகத்தைப் பார்த்துத் தலையசைத்து எண்ணுவார். இருபது பேரும் தூக்கியிருந்தாலும் அதோடு விடமாட்டார்.

“சாப்பா தா மோ?” என்பார். யாருக்கு வேண்டாம் என்று கேட்கிறார். கேட்டுவிட்டு நிற்பார்.

அப்படி நிற்பதைத்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், ஏதோ வரவேண்டிய பஸ் வரட்டும் என்று நிற்பார். அண்ணனுக்கு எரிச்சலாக வரும். “எல்லாரும்தான் கை தூக்கிட்டாங்களே செக்கரட்டரி, இன்னும் யாருக்குக் காத்துக்கிட்டு இருக்கே?” என்பார். முதல் கூட்டத்தில், இனிமேல் கூட்டங்களுக்குக் கோப்பியா டீயா என்று ஒரு தீர்மானம். எல்லாரும் கோப்பிக்குக் கை தூக்கிவிட்டார்கள். அவர் கேட்டுவிட்டு நின்றார். ரொம்ப நேரம் கழித்து, மூலையில் இருந்த ரிக்‌ஷாக்காரப் பெரியவர் ஒருவர் மெதுவாகக் கையைத் தூக்கினார். கோப்பி குடித்தால் அவருக்கு வயிறு எரியுமாம். அன்றிலிருந்து அவருக்கு மட்டும் டீ வந்தது. எதிர்ப்பு ஒன்று என்று குறிப்பேட்டிலும் ஏறியது.

“எதுக்கு இவ்ளோ நேரம் நிக்கிறீங்க?” என்று நானும் ஒருமுறை கேட்டேன்.

“கை ரொம்ப கனம் டீச்சர். தூக்கறதுக்கு நேரம் வேணும் லா” என்றார்.

இந்தப் பழக்கம் அவரை வீட்டிலும் விடவில்லை. வாசலில் மீன்காரன் வந்தால், எந்த மீன் என்று மனைவி சொல்வார். பிள்ளைகளும் சரி என்பார்கள். இவர் யாருக்கு வேண்டாம் என்று கேட்டுவிட்டு நிற்பார். மீன்காரன் அடுத்த வீட்டுக்கே போய்விடுவான். அந்த அம்மாள் பானையைத் தட்டி வைக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும் என்று அண்ணன் கேலி செய்வார்.

நகராண்மைத் தேர்தலில் நாங்கள் ஒரு வேட்பாளரை நிறுத்தினோம். பாசார் பக்கத்துத் திடலில் கூட்டம். எதிர்க்கட்சி ஆட்களும் வேடிக்கை பார்க்க வந்து, ஓரத்தில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் நன்றி சொல்ல செக்கரட்டரிக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். மலாயில் அழகாகப் பேசினார். அதோடு இறங்கியிருக்கலாம். “இவருக்கு ஓட்டுப் போடலாம்னு சொன்னோம். சாப்பா தா மோ?” என்று மைக்கில் கேட்டுவிட்டார்!

ஓரத்தில் நின்றவர்கள் ஓவென்று கத்திக்கொண்டு கை தூக்கினார்கள். சிலர் இரண்டு கையும். இவர் பதறவே இல்லை. “ரெண்டு கை தூக்கினவங்க ஒரு கையை இறக்கிடுங்க, கணக்கு தப்பிடும்” என்று சொல்லிவிட்டு, மைக்கிலேயே ஒவ்வொருவராக எண்ணி, “நாற்பத்தொன்று” என்று அறிவித்தார். அண்ணன் மைக்கைப் பிடுங்காத குறை. திடலே சிரித்தது. எங்கள் வேட்பாளர் படுதோல்வி அடைந்தார். அதற்கு இவர் காரணமில்லை. அவர் எப்படியும் தோற்றிருப்பார். ஆனால் அண்ணன் அதை மறக்கவில்லை.

மறுநாளே செக்கரட்டரி அந்த நாற்பத்தொரு பேரில் முகம் நினைவிருந்தவர்களைத் தேடிப் போய், ஏன் வேண்டாம் என்று கேட்டுவிட்டு வந்தார். அவர்களில் ஒரு சலவைக்காரர் அடுத்த மாதம் எங்கள் கிளையில் சேர்ந்தார். தேர்தலில் எங்களுக்குக் கிடைத்த லாபம் அவர் ஒருவர்தான்.

“உங்களுக்கு எதுக்கு இந்தப் பைத்தியம்?” என்று ஒருமுறை நான் கேட்டதற்கு செக்கரட்டரி சொன்னது எனக்குள் தங்கிவிட்டது. “எங்க ஆளுங்களை மலாய்க்காரங்க இந்தியன்னு விட்டுடுவாங்க. நீங்க மலாய்க்காரன் மாதிரின்னு விட்டுடுவீங்க. எல்லாரும் எண்ணி முடிச்சப்புறம் பார்த்தா நாங்க எதுலயும் இல்ல. அதான், நான் எண்ணும்போது யாரும் விட்டுப்போகக்கூடாதுன்னு பார்க்கிறேன்.”

இப்போது வினைக்கு வருகிறேன்.

கித்தா ஆலையில், அதாவது ரப்பர் ஆலையில், வேலைநிறுத்தம் நடந்தது. எங்கள் கிளையில் அந்த ஆலையில் வேலை செய்த ஒருவர் இருந்தார். இளைஞர், புதிதாகக் கல்யாணமானவர். ஆலைக்காரர் என்று சொல்வோம். வேலைநிறுத்தம் செய்கிறவர்களை நம் கிளை ஆதரிக்க வேண்டும், வீடு வீடாக அரிசி சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று அவர் தீர்மானம் கொண்டுவந்தார். எல்லாரும் கை தூக்கினோம். அது அவசரகாலச் சட்டம் இருந்த காலம். விசாரணை இல்லாமலே ஆளைப் பிடித்து உள்ளே போடலாம். கூட்டம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, செக்கரட்டரி குறிப்பேட்டைத் திறந்து ‘முன்மொழிந்தவர்’ என்ற இடத்தில் பேனாவை வைத்ததும் நான் குறுக்கே கையை நீட்டினேன்.

“பேர் எழுதாதீங்க. ‘ஓர் உறுப்பினர்’னு போடுங்க” என்றேன்.

“யார் சொன்னதுன்னு தெரியாமப் போயிடுமே?”

“அதுக்குத்தானே சொல்றேன்! மாத்தாமாத்தா வந்து நோட்டைத் தூக்கிட்டுப் போனா?” மாத்தாமாத்தா என்றால் போலீஸ்.

அவர் பேனாவை எடுத்துவிட்டு யோசித்தார். பிறகு வாசலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்த ஆலைக்காரரைக் கூப்பிட்டார். என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். பெயரை எழுதட்டுமா, எழுதினால் ஆபத்து வரலாம், வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்று கேட்டார். நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

ஆலைக்காரர் சிரித்தார். “எழுதச் சொல்லுங்க டீச்சர். நான் சொன்னதுதானே. நாளைக்கு எம் புள்ள படிச்சுப் பார்க்கட்டும்” என்றார்.

அதையும் மொழிபெயர்த்தேன். அவர் எழுதினார். அப்போது அங்கே இருந்தது நாங்கள் மூன்று பேர்தான்.

மூன்று வாரத்தில் போலீஸ் அண்ணன் கடைக்கு வந்தது. குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போனது. அந்த வாரம் முடிவதற்குள் ஆலைக்காரரை வீட்டிலிருந்து அழைத்துப் போய்விட்டார்கள். குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாக அறிவிப்பு அனுப்பியது செக்கரட்டரிதான். விதிப்படி அதில் தீர்மானத்தையும் எழுதியிருந்தார்: செயலாளரைக் கட்சியிலிருந்து நீக்குவது. கொண்டுவருகிறவர் தலைவர். அதாவது என் அண்ணன்.

அன்று ஆலைக்காரரின் மனைவி கைக்குழந்தையோடு முதல் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் பேசினார். எழுதிக் காட்டிக்கொடுத்தவன் என்றார். இத்தனை கட்டுப்பாடும் கட்சி விதியும் யாருக்கு உதவியது என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் என் கஷ்டமே. செக்கரட்டரியைப் பதில் சொல்லச் சொன்னார்கள். அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். “எழுதினது நான்தான்” என்றார். அதோடு உட்கார்ந்துவிட்டார்.

நான் சொல்லியிருக்க வேண்டும். ‘அவர் கேட்டுவிட்டுத்தான் எழுதினார், நான் சாட்சி’ என்று எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் அண்ணனுக்கு எதிராக எழ வேண்டும். குழந்தையோடு இருக்கிற பெண்ணிடம், உன் புருஷன்தான் எழுதச் சொன்னார் என்று சொல்ல வேண்டும். பள்ளியில் என் வேலை அந்த வருடம்தான் நிரந்தரம் ஆக இருந்தது. எந்தக் காரணம் என் வாயைக் கட்டியது என்று இன்றைக்குவரை எனக்கே தெளிவில்லை. மூன்றையும் சொல்லிவைக்கிறேன்.

அவரே எழுந்து கை எண்ணினார். தன்னை வெளியேற்றுகிற கைகளை, அதே மாதிரி ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, தலையசைத்து எண்ணினார். நான் அதற்குக் கை தூக்கவில்லை. பிறகு கேட்டார்.

“சாப்பா தா மோ?”

நின்றார். நான் மடியில் இருந்த குடையின் கம்பிகளை எண்ணினேன். எட்டு. மறுபடி எண்ணினேன். அப்போதும் அவர் நின்றுகொண்டிருந்தார். யாரோ செருமினார்கள். குழந்தை சிணுங்கியது. நான் நிமிரவே இல்லை. கடைசியில் பேனா தாளில் உரசுவது கேட்டது. ‘தியாடா’ என்று எழுதுகிறார் என்று பார்க்காமலே தெரிந்தது.

கிளையின் ரப்பர் முத்திரையை அண்ணனிடம் கொடுத்தார். “குறிப்பை நல்ல பிரதியா எழுதி வைக்கிறேன், புது செக்கரட்டரியை வந்து வாங்கிக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு சைக்கிளில் போனார்.

புது செயலாளர் போய் வாங்கவில்லை. அவர் நன்றாகப் பேசுவார், அறிவிப்பு அனுப்பமாட்டார். கூட்டம் கூட்ட வேண்டுமானால் செயலாளர் ஏழு நாள் முன்னதாக அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது விதி. ஒரு மாதம் போனது, மூன்று மாதம் போனது. மண்ணெண்ணெய்ப் பெட்டிகளின்மேல் டயர்கள் ஏறின. சுதந்திரம் வந்தபோது எங்களில் பாதிப்பேர் வேறு கட்சிக் கொடியைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். தலைமையகத்திலிருந்து வந்த கடிதத்துக்கு யாரும் பதில் போடவில்லை. பிற்பாடு தலைமையகமும் இல்லை. அரசாங்கம் எங்கள் கிளையை நசுக்கிவிட்டது என்று அண்ணன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் நசுக்கவில்லை. யாருக்கு வேண்டாம் என்று கேட்கிறவர் போனதும், எங்களுக்கே அது வேண்டாமல் போய்விட்டது.

ஆலைக்காரர் இரண்டு வருடம் கழித்து விடுதலையானார். இளைத்திருந்தார். நேராகக் கடைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

“செக்கரட்டரி எங்க?” என்றுதான் முதலில் கேட்டார்.

அண்ணன் நடந்ததைச் சொன்னார், கொஞ்சம் பெருமையோடுகூட.

“அவரை எதுக்குத் தூக்கினீங்க? பேரைப் போடட்டுமான்னு அவர் கேட்டாரு. நான்தானே போடச் சொன்னேன். மாசாமாசம் எங்க வீட்டுக்கு அரிசி கொண்டாந்து வெச்சது அவர்தான், தெரியுமா?”

“உனக்கு அவர் மலாய் எப்படிப் புரிஞ்சிச்சு?” என்றார் அண்ணன். கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே விடை தெரிந்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தார். அண்ணன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பம்பை எடுத்துக் காற்றடிக்கப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறே நான் செக்கரட்டரி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். எட்டு மாதம் பிடித்தது. கம்போங் செட்டி எங்கள் கடையிலிருந்து நடக்கிற தூரம்தான்.

அவருடைய மனைவி கெபாயா மேல்சட்டையும் சாரோங்குமாக வாசலுக்கு வந்தார். “சுடா மாக்கான்?” என்று, சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்டார். கோப்பியும் தேங்காய்ப் பலகாரமும் கொண்டுவந்து வைத்தார். செக்கரட்டரிக்குத் தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. என்னைப் பார்த்ததில் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். அதுதான் தாங்க முடியவில்லை. எதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று கேட்டேன். போலீஸ் கொண்டுபோனதற்குப் பிறகு வாங்கிய நோட்டைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துவந்தார். நல்ல கையெழுத்தில் எல்லாம் இருந்தது. கடைசி வரியில் எதிர்ப்பு என்ற இடத்துக்கு எதிரே ‘தியாடா’.

“இது தப்பு. நான் எதிர்த்தேன். மனசுல எதிர்த்தேன். திருத்துங்க” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“முடியாது டீச்சர். அன்னிக்கு நான் பார்த்தேன். பார்த்ததைத்தான் எழுதினேன்.”

“ஆலைக்காரர்தான் எழுதச் சொன்னாருன்னு நீங்க ஏன் சொல்லல?”

“அந்தம்மா புள்ளையை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நான் எப்படிச் சொல்றது?” நோட்டின் விளிம்பை விரலால் நீவினார். “பேரை எழுதினது சரியா தப்பான்னு நானும் யோசிக்காத நாள் இல்ல. அவன் சரின்னு சொன்னான். சொன்னாலும், அவன் சின்ன வயசு. நான் அப்படி இல்ல.”

“அன்னிக்கு எனக்காகவா அவ்ளோ நேரம் நின்னீங்க?”

“எல்லாருக்காகவும்தான் நிப்பேன்” என்றார். பிறகு, “அன்னிக்குக் கொஞ்சம் கூடுதலா” என்றார்.

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் குறிப்பேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். ஏதோ நினைவு வந்தவர்போல நிமிர்ந்தார்.

“ஆனா இது இன்னும் உறுதியாகல டீச்சர். ஒரு கூட்டத்தோட குறிப்பை அடுத்த கூட்டத்துல படிச்சுக் காட்டித்தான் உறுதி பண்ணணும். அடுத்த கூட்டமே நடக்கலையே.”

“அப்போ இப்ப நடத்தி மாத்தலாமா?”

“கூட்டம்னா அஞ்சு பேராவது வேணும்.”

“ரெண்டு பேர் இருக்கோமே.”

“ஒருத்தர். என்னைத்தான் நீக்கிட்டீங்களே” என்று சிரித்தார். அதில் குத்தல் கொஞ்சமும் இல்லை. விதியைச் சொன்னார், அவ்வளவுதான். “அதனால எழுத முடியாது. ஆனா எண்ணலாம். எண்ணுறவன் மெம்பரா இருக்கணும்னு விதி இல்ல.”

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, எங்கள் கடையின் பின்பக்கத்தில் நிற்பதுபோலவே எழுந்து நின்றார். செயலாளரைக் கட்சியிலிருந்து நீக்கும் தீர்மானம் என்று முழுவதையும் படித்தார். ஏட்டை இறக்கினார்.

“சாப்பா தா மோ?”

கையைத் தூக்கினேன். அவர் சொன்னது உண்மைதான், கனமாகத்தான் இருந்தது.

“சாத்து” என்று தலையசைத்தார். பிறகு வேறு கை எழும்புகிறதா என்று, அந்தச் சின்ன அறையின் வெறும் நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் நின்றார்.